மலைப்பாதை ஓட்டத்திற்கு ஏற்ற காலணி

உடலில் அணியும் ஆடை இறுக்கமாக இருந்தால் பெரும்பாலும் ஆடையே கிழிகிறது. காலணி இறுக்கமாக இருந்தாலோ காலணி கிழிவதில்லை. நாளடைவில் காலே உருமாறுகிறது. நகரத்துச் சாலையில் அரை மணி நேரம் உலவுபவர்களுக்கு இவ்வுண்மை எளிதில் புலப்படுவதில்லை. கல்லும் வேரும் சரிவும் நிறைந்த மலைப்பாதையில் நான்கைந்து மணி நேரம் ஓடி இறங்குபவர்களுக்கோ, அது கறுத்துப்போன நகமாகவும், சுண்டுவிரலில் எழும் கொப்புளமாகவும், மறுநாட் காலையில் குதிகாலுக்கு மேலே தோன்றும் விறைப்பாகவும் தெளிவாக விளங்கிவிடுகிறது.

மலைப்பாதை ஓட்டம் நம் நாட்டில் அண்மைக் காலத்தில் பரவிவரும் உடற்பயிற்சியாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் காப்பித் தோட்டங்களிலும், மராட்டியத்துக் கோட்டைகளுக்கு ஏறும் சஹ்யாத்திரிப் பாதைகளிலும், டார்ஜிலிங் மாவட்டத்தில் 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூவிற்குச் செல்லும் சிங்கலீலா மலைமுகட்டிலும், லடாக்கின் வறண்ட கணவாய்களிலும் இன்று ஓட்டக்காரர்களைக் காணலாம். இவர்களிடையே ஒரு வகைக் காலணி செல்வாக்குப் பெற்றிருக்கிறது. அதன் முன்பகுதி விரல்கள் விரியுமாறு அகன்றிருக்கும். குதியும் முன்பாதமும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கும். அடியில் தடித்த மெத்தைப் படலம் ஒன்று இருக்கும். இம்மூன்று இயல்புகளும் ஒரே காலணியில் சேர்ந்து விற்கப்படுவதால், மூன்றும் ஒன்றே என்றும், மூன்றும் எல்லார்க்கும் நன்மை செய்வன என்றும் ஓர் எண்ணம் பரவியுள்ளது. ஆராய்ச்சி காட்டுவது வேறு. முதலாவது இயல்பு ஏறக்குறைய எல்லாருக்கும் வேண்டுவது; இரண்டாவது அவரவர் காலின் பழக்கத்தைப் பொறுத்தது; மூன்றாவது பாதையையும் உடல் எடையையும் பொறுத்தது. ஆதலின் காலணி வாங்குபவர் இவற்றைத் தனித்தனியே எடைபோட்டுப் பார்த்தல் வேண்டும்.

விரல்களுக்கு இடம்

மனிதப் பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் பாதம் சற்றே நீள்கிறது, சற்றே அகல்கிறது. பாத வளைவு தாழ்ந்து மீண்டும் எழுகிறது. விரல்கள் விரிந்து தரையைப் பற்றுகின்றன. பெருவிரல் நேராக நின்று உடலை முன்னே தள்ளுகிறது. சமமில்லாத தரையில் உடல் ஒரு பக்கம் சாயும்போது அதைத் தாங்கி நிறுத்துவதிலும் விரல்களுக்கும் பெருவிரலுக்கும் பெரும் பங்கு உண்டு.

காலணி அணிந்தறியாத குழந்தையின் பாதத்தை மேலிருந்து நோக்கினால் அது விசிறிபோல் இருக்கும். விரல் நுனிகளின் பக்கமே அதன் அகலம் மிகுதி. கடையிலுள்ள பெரும்பாலான காலணிகளோ விரல்களின் அடிமூட்டுகள் உள்ள இடத்தில் அகன்று, அங்கிருந்து கூம்பிச் செல்கின்றன. பெருவிரல் உட்புறமாகத் தள்ளப்படுகிறது. சுண்டுவிரல் மற்ற விரல்களின் கீழ் ஒதுங்குகிறது. இக்குறையை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். 1905-ஆம் ஆண்டிலேயே ஹாப்மன் என்ற அமெரிக்க மருத்துவர், வெறுங்காலுடன் வாழும் மக்களின் பாதங்களையும் காலணி அணியும் மக்களின் பாதங்களையும் ஒப்பிட்டு, பாதத்தின் முன்பகுதி குறுகுவதற்குக் காலணியே காரணம் என்று எழுதினார்.

இத்துறையில் நம் நாட்டுப் பாதங்களை வைத்துச் செய்யப்பட்ட ஆராய்ச்சிகள் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகின்றன என்பது பலர் அறியாத செய்தி. 1992-இல் ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயதுவரையுள்ள 2,300 இந்தியக் குழந்தைகளின் பாத அடையாளங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்கும், வெறுங்காலுடன் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது. விரல்களை மூடிய காலணி அணிந்தவர்களிடம் இக்குறை மிகுந்தும், செருப்பு அணிந்தவர்களிடம் அதைவிடக் குறைந்தும் இருந்தது. 2009-இல் பெல்ஜிய நாட்டு விஞ்ஞானிகள் தென்னிந்தியாவில் வாழ்நாள் முழுவதும் வெறுங்காலுடன் நடந்த 70 பேரையும், காலணி அணியும் 137 இந்தியர்களையும், 48 மேனாட்டாரையும் ஒப்பிட்டனர். வெறுங்காலினரின் பாதம் அகன்றிருந்ததோடு, நடக்கும்போது உள்ளங்காலில் அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் பரவலாகப் பகிர்ந்திருந்தது.

அவ்வாறாயின் வெறுங்காலுடனேயே ஓடலாமே எனில், முட்செடிகளும் உடைந்த கண்ணாடியும் கூர்மையான சரளையும் உள்ள பாதையில் அது விவேகமாகாது. பாதத்தின் வடிவத்திற்கு இடையூறு செய்யாத மூடுகாலணியே நமக்கு வேண்டுவது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ‘அகலமான காலணி’ என்பதும் ‘விரலிடம் அகன்ற காலணி’ என்பதும் ஒன்றல்ல. காலணி உருவாவது லாஸ்ட் எனப்படும் அச்சுக்கட்டையின் மேல். அக்கட்டையின் நடுப்பகுதியைப் பருக்க வைத்து, முனையை முன்போலவே கூம்பாக விட்டுவிட்டால், பெட்டியின் மேல் ‘அகலம்’ என்று அச்சிடலாமேயன்றிப் பெருவிரலுக்கு விடுதலை கிடைப்பதில்லை. விரலிடம் அகன்ற காலணியில் உட்புற ஓரம், குதியிலிருந்து பெருவிரல் நுனிவரை ஏறத்தாழ நேர்கோடாகச் செல்லும். காலணியைக் கவிழ்த்து அடிப்பாகத்தை நோக்கினாலே இது தெரியும். முனை நடுவிரலை நோக்கிக் கூம்பினால் அது வேறு யாருடைய பாதத்திற்கோ செய்யப்பட்டது. உண்மையில் அத்தகைய பாதம் யாருக்கும் இல்லை.

நம் நாட்டில் இச்சிக்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் வழங்கும் 6, 7, 8 என்ற எண்கள் ஆங்கிலேயர் கொணர்ந்தவை. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அஃதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். பழைய ஆங்கில வழக்கில் இது ஒரு வாற்கோதுமை மணியின் நீளம். இந்த எண் நீளத்தை மட்டுமே சொல்கிறது. அகலத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. இந்தியப் பாதங்கள் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைக் காட்டிலும் அகன்றவை என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. இதன் அடிப்படையில் ‘பா’ என்ற பெயரில் இந்தியர்க்கென எட்டுப் பிரிவுகள் கொண்ட தனி அளவுமுறை ஒன்று பரிந்துரைக்கப்பட்டது. இச்செய்தி 2024-இல் வெளியாயிற்று.

அகலம் போதாதபோது நம்மவர் செய்வது யாது? ஒரு எண் பெரிதாக வாங்குகின்றனர். அகலம் ஓரளவு கிடைக்கிறது. ஆனால் நீளம் மிகுந்துவிடுகிறது. காலணி மடங்கும் இடம் பாதம் மடங்கும் இடத்திற்கு முன்னால் போய்விடுகிறது. குதி வழுக்குகிறது, அதைத் தடுக்க நாடாவை இறுக்கிக் கட்டினால் பாதத்தின் மேற்புறத்து நரம்புகள் நசுங்குகின்றன. சமதரையில் பொறுத்துக்கொள்ளலாம். இறக்கத்தில் பாதம் முழுவதும் முன்னோக்கிச் சரிந்து, ஒவ்வோர் அடியிலும் நகம் காலணியின் முனையில் மோதுகிறது. மணிக்கு ஒரு காலுக்கு ஐயாயிரம் அடிகள் என்று கணக்கிட்டால், நகம் கறுப்பதில் வியப்பில்லை.

பாதத்தை அளக்கும் முறை

அளவை வீட்டிலேயே எடுக்கலாம். மாலை நேரமே தக்கது. ஏனெனில் நாள் முழுவதும் நடந்தபின் பாதம் சற்றுப் பருத்திருக்கும். ஓடும்போது அணியும் காலுறையை அணிந்துகொண்டு, சுவரோடு ஒட்டிய காகிதத்தின்மேல் குதியைச் சுவரில் பதித்து நிற்க வேண்டும். உட்கார்ந்து அளப்பது பயனற்றது. எடை ஏறும்போதுதான் பாதம் தன் உண்மையான வடிவத்தைக் காட்டும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வேறொருவர் வரைந்து தருவது நல்லது. குனிந்து தாமே வரைந்தால் எடை இடம் மாறிவிடும்.

வரைந்த உருவில் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்க. ஒன்று, சுவரிலிருந்து மிக நீண்ட விரலின் நுனிவரை உள்ள நீளம். பலருக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீண்டிருக்கும் என்பதை மறத்தலாகாது. இரண்டு, விரல்களின் அடிமூட்டுகளில் உள்ள அகலம். மூன்றாவது அளவைக் கடைக்காரர்கள் எடுப்பதில்லை; நமக்கு அதுவே முக்கியம். பெருவிரலின் வெளிப்புறத்திலிருந்து சுண்டுவிரலின் வெளிப்புறம்வரை விரல்களின் குறுக்கே உள்ள அகலம் அது. இருபாதங்களும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரிய பாதத்திற்கே காலணி வாங்க வேண்டும். சிறிய பாதத்தை நாடாவால் சரிசெய்துகொள்ளலாம்.

பிறகு காலணியின் உள்ளட்டையை வெளியே எடுத்து அதன்மேல் நின்று பார்க்க வேண்டும். எந்த விரலும் அட்டையின் ஓரத்திற்கு வெளியே வழியலாகாது. நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம், அஃதாவது 10 முதல் 12 மில்லிமீட்டர், எஞ்சியிருக்க வேண்டும். இந்தச் சோதனை எந்த விளம்பரத்தையும்விட நம்பத்தக்கது. கடைக்குச் செல்ல இயலாமல் அஞ்சல்வழி வாங்குவோர், உள்ளட்டையின் நீளத்தையும் விரலிடத்து அகலத்தையும் விற்பனையாளரிடம் கேட்டுப் பெறலாம். அதைச் சொல்ல மறுப்பவரிடம் வாங்காதிருப்பதே நலம்.

விரலிடம் அகன்றிருந்தால் போதும் என்று நினைத்து, நடுப்பாதத்தையும் குதியையும் கவனியாமல் விடுவதும் உண்டு. விரல்கள் விடுதலையாக இருக்க, நடுப்பாதம் மென்மையாகவும் குதி உறுதியாகவும் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். குறுக்குச் சரிவில் ஓடும்போது காலணிக்குள் பாதம் பக்கவாட்டில் நழுவினால், கணுக்கால் பிறழ்வதற்கு அதுவே தொடக்கம்.

குதியின் உயரம்

சாதாரண ஓட்டக் காலணியில் குதியின் அடியிலுள்ள தடிமன் முன்பாதத்தின் தடிமனைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை மிகுந்திருக்கும். இவ்வேறுபாட்டைக் குதி உயர்வு என்று வைத்துக்கொள்வோம். அது பூஜ்யமாக இருப்பதே சமமட்டக் காலணி. பூஜ்யம் என்பது வேறுபாட்டைத்தான் குறிக்கிறது, அடியின் தடிமனையன்று. 25 மில்லிமீட்டர் தடித்த மெத்தை குதியிலும் முன்பாதத்திலும் ஒரே அளவாக இருந்தால் அதுவும் சமமட்டக் காலணியே. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, சமமட்டம் என்றால் காகிதம்போன்ற மெல்லிய அடி என்று கருதுவோர் பலர்.

மெத்தையுள்ள சமமட்டக் காலணியின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓட்டக் காலணிக் கடை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த கோல்டன் ஹார்ப்பர் என்பவர், விற்பனைக்கு இருந்த காலணிகளின் அடியைச் சிறு மின்னடுப்பில் சூடாக்கிப் பிரித்து, குதியின் மிகையுயரத்தை நீக்கி, மீண்டும் ஒட்டித் தம் வாடிக்கையாளர்க்குக் கொடுத்துப் பார்த்தார். அம்முயற்சியிலிருந்து 2009-இல் ‘ஆல்ட்ரா’ என்ற நிறுவனம் தோன்றியது. அதே ஆண்டில் கிறிஸ்டபர் மெக்டூகல் என்ற எழுத்தாளர் மெக்சிக்கோவின் தராஹுமாரா மக்களின் ஓட்டத்தைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்து, மெல்லிய காலணிகளின் மேல் பெரும் மோகத்தை உண்டாக்கிற்று. 2010-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழுவினர், வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ முதலில் ஊன்றுகின்றனர் என்றும், குதியை ஊன்றும்போது எழும் திடீர் மோதல் அவர்களிடம் காணப்படவில்லை என்றும் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். ஆனால் 2013-இல் வடகெனியாவின் டாசனாச் மக்களை ஆராய்ந்தவர்கள், வெறுங்காலினரான அவர்களுள் பெரும்பாலோர் நிதான ஓட்டத்தில் குதியையே ஊன்றுவதைக் கண்டனர். ஆகவே இயற்கையின் விதி ஒன்றே என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. எத்தியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா 1960-இல் ரோம் நகரில் வெறுங்காலுடன் மாரத்தான் ஓடி வென்றதை எல்லாரும் எடுத்துச் சொல்கின்றனர். 1964-இல் டோக்கியோவில் அவரே காலணி அணிந்து மேலும் விரைவாக ஓடி வென்றதை அவ்வளவாக யாரும் நினைவுகூர்வதில்லை.

குதி உயர்வு காலில் செய்யும் வேலையைக் கணக்கிட்டே பார்க்கலாம். 260 மில்லிமீட்டர் நீளமுள்ள பாதத்தில் 10 மில்லிமீட்டர் குதி உயர்வு, கணுக்காலை 3 முதல் 4 பாகை வரை முன்சாய்வாக நிறுத்துகிறது. இதனால் கெண்டைக்கால் தசையும், அதைக் குதியெலும்போடு பிணைக்கும் அக்கிலிஸ் தசைநாணும் சற்றுக் குறுகிய நிலையிலேயே வேலை செய்யப் பழகிவிடுகின்றன. அவ்வுயர்வை ஒரே நாளில் நீக்கினால், அந்த நாண் ஒவ்வோர் அடியிலும் வழக்கத்தைவிட மிகுதியாக நீள நேர்கிறது. ஓடும்போது அதன்மேல் விழும் இழுவிசை உடல் எடையைப்போல் 6 முதல் 8 மடங்கு வரை இருக்கும். தசை சில வாரங்களில் வலிமை பெற்றுவிடும். நாண் அத்தனை விரைவில் மாறுவதில்லை, அதற்கு மாதங்கள் வேண்டும். இடைப்பட்ட காலத்தில்தான் தீங்கு நேர்கிறது.

சமமட்டம் காயங்களைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு விடையளிக்கும் சிறந்த சோதனை லக்ஸம்பர்க் நாட்டில் நடந்தது. மாலிசூ என்பவரும் அவர் குழுவினரும் 553 ஓட்டக்காரர்களுக்கு மெத்தையுள்ள காலணிகளை, குதி உயர்வு 10, 6, 0 மில்லிமீட்டர் என்ற மூன்று வகையாக அளித்து, ஆறு மாதங்கள் அவர்களைக் கவனித்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் காயங்களில் வேறுபாடு இல்லை. ஆயினும் முந்தைய ஆண்டில் ஆறு மாதத்திற்கும் குறைவாக ஓடியவர்களுக்குத் தாழ்ந்த குதியால் காயங்கள் குறைந்தன. தவறாது ஓடிவந்தவர்களுக்கு அதே தாழ்ந்த குதியால் காயங்கள் கூடின. புதிதாகத் தொடங்குபவருக்கு எளிதாக இருக்கும் காலணி, பத்தாண்டு அனுபவமுள்ளவருக்கு இடராகலாம் என்பது பலருக்கும் வியப்பளிக்கும். அனுபவசாலியின் கால் உயர்ந்த குதிக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொண்டுவிட்டது. அவர் ஓடும் தூரமும் மிகுதி. அவரே மாறுதலை விரைவில் செய்துவிட முற்படுபவரும் ஆவார்.

மலைப்பாதையில் இன்னொன்றும் எண்ணத்தக்கது. நூறு மீட்டர் தூரத்தில் 15 மீட்டர் ஏறும் பாதையின் சாய்வு ஏறக்குறைய எட்டரைப் பாகை. காலணியின் 3 அல்லது 4 பாகை இதற்கு முன் சிறியது. ஏற்றத்தில் கெண்டைக்கால் நாண் எந்தக் காலணியிலும் மிகுதியாகவே நீள்கிறது. சமமட்டக் காலணி அச்சுமையை இன்னும் கூட்டுகிறது. அஃதாவது சமதரையில் பழகிவிட்டோம் என்று எண்ணி நேரே நீண்ட ஏற்றத்திற்குச் செல்வது தவறு. இறக்கத்திலும் சமமில்லாத கற்களிடையிலும், உயர்ந்த குதி இல்லாதிருப்பதால் பாதம் தரையை நன்கு உணர்கிறது என்று பலர் சொல்வதில் நியாயம் உண்டு. குதி தாழ்ந்திருந்தால், விளிம்பில் ஊன்றும்போது கணுக்காலைப் பிறழச் செய்யும் நெம்புகோல் நீளமும் குறைகிறது.

மாறிச் செல்வதற்கு ஆத்திரம் கூடாது. முதல் இரண்டு வாரங்கள் அக்காலணியை அணிந்து நடப்பது மட்டுமே போதும். பிறகு வாரத்தில் ஒரு நாள், அதுவும் பத்து நிமிடம் ஓடலாம். எஞ்சிய நாட்களில் பழைய காலணியே இருக்கட்டும். அவ்வாறு சிறிது சிறிதாகக் கூட்டி, முழுவதும் மாறுவதற்கு இரண்டு மூன்று மாதங்களாவது ஆக வேண்டும். 10 மில்லிமீட்டரிலிருந்து நேரே பூஜ்யத்திற்கு இறங்காமல், 4 அல்லது 6 மில்லிமீட்டர் உள்ள காலணியைப் படியாகக் கொள்வதும் உண்டு. சமமட்டத்தையே கொள்கையாகக் கொண்டிருந்த மேற்சொன்ன ஆல்ட்ரா நிறுவனமும் 2024-இல் 4 மில்லிமீட்டர் உயர்வுள்ள காலணியை விற்பனைக்குக் கொணர்ந்தது. படியில் நின்று குதியை மெல்லத் தாழ்த்தி உயர்த்தும் பயிற்சி கெண்டைக்கால் நாணை வலுவாக்கும். காலையில் எழுந்ததும் குதிக்கு மேலே விறைப்புத் தோன்றி, நாளுக்கு நாள் மிகுந்தால் அளவை உடனே குறைக்க வேண்டும். பாதத்தின் மேற்புறத்தில் எலும்பின்மேல் ஒரே இடத்தில் விரலால் தொட்டால் வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுவது அவசியம். அது எலும்பில் மயிரிழை விரிசலின் அறிகுறியாக இருக்கக்கூடும். மெத்தையில்லாத மெல்லிய காலணிக்குப் பத்து வாரங்களில் மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புகளின் உட்பகுதியில் வீக்கம் மிகுந்திருந்ததை 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி காந்தப் படங்களின் மூலம் காட்டியது. மெத்தையுள்ள காலணியில் இவ்வாபத்து குறைவு எனினும், அவசரம் அங்கும் ஆகாது.

மெத்தையும் கல்லும்

மெத்தைப் படலம் பெரும்பாலும் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்ற செயற்கைப் பொருளின் நுரையால் ஆனது. அதனுள் எண்ணற்ற நுண்ணறைகளில் வாயு அடைபட்டிருக்கிறது. அழுத்தும்போது அறைகள் ஒடுங்கி, விட்டதும் விரிகின்றன. குளிரில் இந்நுரை இறுகிவிடும். லடாக்கின் அதிகாலையில் ஒரே காலணி வேறொன்றாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

சாலையில் மெத்தையின் வேலை மோதலைத் தணிப்பது. மலைப்பாதையில் அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு: கூரிய கல்லின் அழுத்தத்தை உள்ளங்காலின் ஒரு புள்ளியில் குவியவிடாமல் பரப்புவது. மிக மென்மையான நுரை இதற்கு உதவாது. கல் அதனூடே வந்து குத்தும். ஆதலால் சில காலணிகளில் மெத்தைக்கும் வெளியடிக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைக்கின்றனர். சரளை நிறைந்த இமயமலைப் பாதைகளுக்கு இது மிகவும் பயன்படும்; இலைமக்கும் மண்ணும் மூடிய காட்டுப்பாதைக்கு இது வேண்டுவதில்லை, பாதத்தின் உணர்வைக் குறைப்பதே மிச்சம்.

முன்கூறிய லக்ஸம்பர்க் குழுவினர் 848 ஓட்டக்காரர்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியிட்ட மற்றொரு சோதனையில், கடினமான மெத்தை அணிந்தவர்களுக்கு மென்மையான மெத்தை அணிந்தவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காயவாய்ப்பு இருந்தது. இந்த நன்மை எடை குறைந்தவர்களிடமே தெளிவாகக் காணப்பட்டது. பருத்தவர்க்கே மெத்தை மிகுதியாக வேண்டும் என்ற பொதுவான எண்ணத்திற்கு இது மாறானது.

மெத்தை தடிக்கத் தடிக்கப் பாதம் தரையிலிருந்து உயர்கிறது. குதி உயர்வை நீக்கியதால் பெற்ற நிலைத்தன்மை, மொத்தத் தடிமனைக் கூட்டுவதால் பறிபோகலாம். 35 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பவரின் கணுக்கால், கல்லின் விளிம்பில் ஊன்றும்போது 20 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பவருடையதைவிட எளிதில் பிறழும். அடிப்பாகம் மேற்பகுதியைவிட இருபுறமும் அகன்றிருந்தால் இது ஓரளவு ஈடுசெய்யப்படும். என் கருத்தில், சாதாரண மலைப்பாதைக்கு 25 மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன் போதும். முப்பதைத் தாண்டிய மெத்தை, பகல் முழுவதும் ஓடும் நெடுந்தொலைவுப் பந்தயத்திற்கு உரியது.

வெளியடியைப் பற்றிச் சில சொற்கள் போதும். சேற்றுப் பாதைக்கு 5 மில்லிமீட்டர் அளவு ஆழமும் இடைவெளியும் உள்ள பற்கள் வேண்டும். இடைவெளி குறைந்தால் சேறு அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பாசி படர்ந்த சஹ்யாத்திரிக் கரும்பாறையில் பற்களால் பயனில்லை. அங்கே ரப்பரின் ஒட்டும் தன்மையே காக்கும். அதுவும் முழுமையாகக் காக்காது என்பதை நினைவிற்கொண்டு நடந்தே கடக்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

இரண்டு காலிலும் அணிந்து, நாடாவை ஓடும்போது கட்டுவதுபோலக் கட்டிக்கொள்க. நின்ற நிலையில் விரல்களைப் பியானோ வாசிப்பதுபோல் ஒவ்வொன்றாக அசைக்க முடிய வேண்டும். கடையின் வாசலில் சாய்தளம் இருந்தால் அதில் இறங்கி, நடுவே சட்டென்று நிற்க வேண்டும். விரல் நுனி முன்னே இடித்தால், நாடாவின் கடைசித் துளைகளில் ஒரு வளையம் விட்டு எதிர்நாடாவை அதனுள் நுழைத்து இறுக்கிப் பார்க்கலாம். இது குதியைப் பின்னே பிடித்து நிறுத்தும். அப்போதும் இடித்தால் அது நமக்குரிய காலணியன்று. ‘போகப் போக நெகிழ்ந்து கொடுக்கும்’ என்று விற்பவர் சொல்லக்கூடும். தோலால் செய்த பழைய ஜோடுக்கு அச்சொல் பொருந்தும். இக்காலத்துச் செயற்கை வலைத்துணியும் உருக்கி ஒட்டிய முனைக்காப்பும் அவ்வாறு நெகிழ்வதில்லை.

நீரிழிவினால் பாதத்தின் உணர்ச்சி குறைந்தவர்கள், அக்கிலிஸ் நாணில் முன்னரே நோயுற்றவர்கள், பெருவிரல் மூட்டு விறைத்தவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் சமமட்டத்திற்கு மாறலாகாது. அகன்ற விரலிடம் மட்டும் இவர்களுக்கும் ஏற்றதே. குதி உயர்வோடு அகன்ற முனையும் சேர்ந்த காலணிகளும் கிடைக்கின்றன.

வாங்கிய காலணியை மழையில் நனைந்தபின் வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்தலாகாது; பசை விட்டுப்போகும். உள்ளட்டையை எடுத்துவிட்டுப் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைத்தால் ஓரிரவில் ஈரம் வாங்கிவிடும். நுரை மெத்தை ஏறக்குறைய 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஓடியபின் தன் மீள்திறத்தைப் பெரிதும் இழந்துவிடுகிறது; வெளியடி புதிதுபோல் தோன்றினாலும் இது நேரும். குதியை முதலில் ஊன்றுபவர்களின் காலணியில் குதிப்பக்கத்து மெத்தையே முதலில் அமுங்கும். சமமட்டக் காலணியில் அவ்வாறு அமுங்கினால் குதி முன்பாதத்தைவிடத் தாழ்ந்து, கெண்டைக்கால் நாண் முன்னைவிட மிகுதியாக நீள வேண்டிவரும். மாதம் ஒருமுறை இரு காலணிகளையும் மேசைமேல் வைத்துக் கண்மட்டத்தில் பக்கவாட்டிலிருந்தும் பின்புறமிருந்தும் நோக்கினால், மெத்தையின் ஓரத்தில் குறுக்குச் சுருக்கங்கள் விழுந்திருப்பதும் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும் தெரியும். அத்தகைய காலணியைத் தோட்ட வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். மலைக்கு எடுத்துச் செல்லலாகாது.